எண்பத்தொன்றில் நின்ற ஆட்டம்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் நந்தியைப் பார்ப்பார்கள், விமானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், பெருவுடையாரைத் தரிசித்துவிட்டு வெளியே வந்து வெயில் தாழும்வரை பிராகாரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கருவறைக்கு நேர் மேலே, விமானத்தின் மேல்தளத்தில், இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓடும் சுற்றுப்பாதையில் சிவன் 81 விதமாக ஆடிக்கொண்டிருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் பார்க்க வழியில்லை. பொதுமக்களை அங்கே ஏற விடுவதில்லை. அனுமதி வாங்கிப் போகும் ஆய்வாளர்களும் ஆட்டக்காரர்களும் எடுத்துவந்த படங்களைத்தான் மற்றவர்கள் பார்த்திருக்கிறோம்.

அந்த 81 என்ற எண்தான் என்னை இந்தச் சிற்பங்களின் பக்கம் இழுத்தது. பரதரின் நாட்டிய சாஸ்திரம் நான்காம் அத்தியாயத்தில் 108 கரணங்களைச் சொல்கிறது. தஞ்சைச் சிற்பிகள் முதல் கரணத்தில் தொடங்கி, நூலில் உள்ள வரிசை மாறாமல், 81 வரை செதுக்கியிருக்கிறார்கள். மீதி 27க்கும் கல் வைத்தாயிற்று. உளி மட்டும் படவில்லை. ஓர் ஆட்டம் பாதியில் நின்றுபோனால் அது எப்படிச் செய்யப்பட்டது என்பதற்கான தடயம் மிஞ்சும். முழுதாக முடிந்த வேலை தன்னைப் பற்றி இவ்வளவு பேசாது.

முதலில் கரணம் என்ற சொல். ஏதோ சாஸ்திரச் சொல் என்று ஒதுங்க வேண்டாம். நம் வாயில் தினமும் புழங்குவதுதான். குழந்தை குட்டிக்கரணம் போடுகிறது. கரணம் தப்பினால் மரணம் என்கிறோம், கயிற்றில் நடக்கிறவனைப் பார்த்து. (தோப்புக்கரணம் வேறு கதை. அதன் வேரில் இருப்பது காது.) பரதர் சொல்லும் இலக்கணம் சுருக்கமானது: கையும் காலும் இசைந்து நடப்பது கரணம். பல கரணங்கள் சேர்ந்தால் அங்கஹாரம். எழுத்துகள் சேர்ந்து சொல் ஆவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் தஞ்சை மேல்தளத்தில் இருப்பது ஓர் அரிச்சுவடி. சுற்றி நடந்தால் சினிமா ரீல்போல ஆட்டம் ஓடும் என்று சிலர் எழுதுகிறார்கள். ஓடாது. அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகச் சொன்னால் பாட்டாகுமா?

ஆனால் அந்த எழுத்தை எழுதுவதிலேயே பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கரணம் என்பது அசைவு. ஓரிடத்தில் தொடங்கி இன்னோரிடத்தில் முடியும் காரியம். கல் ஒரு கணத்தைத்தான் வாங்கிக்கொள்ளும். எந்தக் கணத்தை வாங்குவது?

முதல் கரணத்தையே எடுத்துக்கொள்வோம், தலபுஷ்பபுடம். இடப்பக்கத்தில் கைகள் பூ ஏந்துவதுபோலக் குவிந்திருக்க வேண்டும். பாதம் அக்ரதலசஞ்சரம், அதாவது குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் ஊன்றுவது. விலா அந்தப் பக்கமாகச் சாய வேண்டும். சுலோகம் சொல்வது இவ்வளவுதான். தலை எந்தப் பக்கம், பார்வை எங்கே, முழங்கால் எவ்வளவு மடிய வேண்டும், உடம்பின் பாரம் எந்தக் காலில், கைகள் அந்த இடத்துக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தன? எதுவும் இல்லை. இரண்டே வரியை வைத்துக்கொண்டு ஒரு முழு உடம்பைச் செதுக்கச் சொன்னால், எவ்வளவு கைதேர்ந்த தச்சனும் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்பான். ஆக யாரோ ஒருவர் எழுந்து நின்று, இப்படி என்று காட்டியிருக்க வேண்டும்.

இந்த ஆய்வில் நான் பிடித்துக்கொள்ள நினைக்கும் இழை இதுதான். அந்த யாரோ ஒருவர் யார்?

தஞ்சையில் உளிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்த அதே காலத்தை ஒட்டித்தான் காஷ்மீரத்தில் அபிநவகுப்தர் நாட்டிய சாஸ்திரத்துக்கு உரை எழுதினார். அவர் ஓலையில் எழுதியது ஓர் உரை என்றால், தஞ்சைச் சிற்பிகள் கல்லில் எழுதியதும் உரைதான். மூலத்தில் இல்லாததை ஒவ்வோர் உருவிலும் அவர்கள் நிரப்பியிருக்கிறார்கள். உரையாசிரியர் தம் அறிவைக் கொண்டு நிரப்புவார். இவர்கள் கண்ணால் பார்த்ததைக் கொண்டு நிரப்பினார்கள்.

24ஆவது கரணத்துக்கு புஜங்கத்ராசிதம் என்று பெயர். பாம்பைக் கண்டு அஞ்சியது என்று பொருள். காவிரிப் படுகையில் வரப்பு மேல் நடந்து பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காலடியில் ஏதோ சரசரவென்று நெளிகிறது. மூளைக்குச் செய்தி போவதற்கு முன்பே ஒரு கால் முழங்கால் மடிந்து மேலே எழும்பி, உடம்புக்குக் குறுக்கே திரும்பிவிடுகிறது, இடுப்பும் கூடவே முறுக்கிக்கொள்கிறது. பரதர் சொல்வதும் ஏறக்குறைய அதையேதான்: குஞ்சித பாதத்தை, அதாவது வளைத்த பாதத்தை உயர்த்தி, தொடையைக் கோணலாகத் திருப்பி, இடுப்பையும் முழங்காலையும் சுழற்ற வேண்டும். அஞ்சிய உடம்பின் அனிச்சை அசைவை ஆட்டம் எடுத்துத் தன் இலக்கணத்தில் சேர்த்துக்கொண்டது.

நடராசர் செப்புத் திருமேனியில் தூக்கிய திருவடியைப் பல அறிஞர்கள் இந்தக் கரணத்தோடுதான் சேர்த்துப் பேசுகிறார்கள். அந்த உருவைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். இடுப்புக்குக் கீழே பாம்பைக் கண்டு துள்ளிய கால். தோளுக்கு மேலே எந்தக் கலக்கமும் இல்லாத முகம். பாம்பு எங்கே என்று தேடினால், அவர் கையிலேயே சுற்றிக்கொண்டு கிடக்கிறது. பயப்படுகிற உடம்பும் பயம் அறியாத மனசும் ஒரே ஆளிடம். மனித மனசை ஆட்டத்தின் வழியாகச் சிற்பத்தில் கொண்டுவருவது எப்படி என்று யாராவது கேட்டால், நான் தத்துவம் எல்லாம் பேசாமல் இந்தக் காலையும் இந்த முகத்தையும் காட்டுவேன்.

சரி, எந்தக் கணம் என்ற கேள்விக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டில் இதைப் பிடிவாதமாகக் கேட்டவர் பத்மா சுப்ரமணியம். அவர் வழுவூர் இராமையா பிள்ளையிடம் பரதம் பயின்றவர். கரணங்களையே முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர். அதுவரை கரணத்தை ஒரு நிலை, ஒரு போஸ் என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். கல்லில் அப்படித்தானே தெரிகிறது! இல்லை, கரணம் அசைவின் ஓர் அலகு, சிற்பி அதில் ஒரு கணத்தைப் பிடித்திருக்கிறான், அது தொடக்கமாகவும் இருக்கலாம், நடுவாகவும் இருக்கலாம், முடிவாகவும் இருக்கலாம் என்று அவர் வாதிட்டார்.

தஞ்சைச் சிற்பங்களில் அவர் எடுத்துக் காட்டிய நுணுக்கம் அழகானது. அங்கே ஆடுகிற சிவனுக்கு நான்கு கைகள். தெய்வ உருவுக்கு நான்கு கை என்பது வழக்கம்தான், அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்தக் கூடுதல் கைகள் வெறும் அலங்காரமாக நிற்கவில்லை, ஆட்டத்தின் இன்னொரு கட்டத்தைக் காட்டுகின்றன என்கிறார் அவர். முன்கைகள் ஒரு கணத்தில். பின்கைகள் அதற்கு முந்தியோ பிந்தியோ உள்ள கணத்தில். ஒரே கல்லில் இரண்டு நேரம்! எல்லா உருவுக்கும் இது பொருந்துமா என்று கேட்பவர்கள் கேட்கலாம்; எனக்கும் சிலவற்றில் தயக்கம் உண்டு. ஆனால் ஒரு வரம்பு இருக்கும்போது சிற்பி சும்மா இருந்திருக்க மாட்டான் என்பதை நம்பலாம். தெய்வத்துக்குக் கிடைத்த கூடுதல் கைகளை அவன் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டான்.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. தஞ்சையைச் சுற்றி மலை கிடையாது. அத்தனை கல்லும் வெளியிலிருந்து வந்தது. வந்தது கருங்கல். மரத்தைச் சீவுவதுபோல அதைச் சீவ முடியாது. கொத்திக் கொத்தித்தான் உருவம் எடுக்க வேண்டும். ஒரு விரல் தெறித்தால் தெறித்ததுதான். வெறுமையாக நிற்கும் அந்த 27 கற்கள் இன்னொன்றும் சொல்கின்றன. கல்லைக் கட்டடத்தில் பதித்துவிட்டு, அப்புறம்தான் செதுக்கியிருக்கிறார்கள். தரையில் கிடத்தி, நாலாபுறமும் நடந்து பார்த்துச் செய்த வேலை இல்லை இது. அந்தக் குறுகலான பாதையில் பின்னால் தள்ளி நின்று பார்க்கக்கூட அதிக இடமில்லாமல் செய்த வேலை. அங்கே நின்று ஒருவன் ஒரு துள்ளலைச் செதுக்கினான் என்றால், அந்தத் துள்ளல் அவன் தலைக்குள் அவ்வளவு தெளிவாக இருந்திருக்க வேண்டும்.

கீழ்த்தளத்துச் சுற்றுப்பாதையில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் மறைந்து கிடந்தவற்றை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி வெளிக்கொணர்ந்தார். அதில் ஆடும் பெண்கள் உண்டு. இடுப்பை ஒடித்துத் திரும்பி ஆடுகிறார்கள். எழுதியவர்கள் ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் என்பது அந்த இடுப்பைப் பார்த்தாலே தெரியும். கீழே வண்ணத்தில் பெண்கள். மேலே கல்லில் சிவன். அப்படியானால் சாஸ்திரத்தைத் தன் உடம்பில் வைத்திருந்த அந்த ஆள்?

அதற்குக் கோயிலுக்கு வெளியே வர வேண்டும். திருச்சுற்றின் வெளிப்புறச் சுவரில் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு நீளமாக ஓடுகிறது. சோழ நாட்டின் பல தளிகளிலிருந்து, அதாவது கோயில்களிலிருந்து, திருவாரூர், திருவையாறு, பழையாறு, நாகப்பட்டினம் என்று பல ஊர்களிலிருந்து, 400 பெண்களைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்திய கணக்கு அது. தளிச்சேரிப் பெண்டுகள் என்று பெயர். தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி, அதில் தென்சிறகு, வடசிறகு என்ற வீட்டு வரிசைகள், அதில் எத்தனையாவது வீடு, அதில் யார், எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவர் என்று இன்றைய வாக்காளர் பட்டியல் தோற்கும் அளவுக்கு விவரம். தென்சிறகின் முதல் வீட்டில் திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. நக்கன் என்பது அவர்கள் எல்லோருடைய பெயருக்கும் முன்னால் வருகிறது. அது சிவனின் பெயர்.

ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். நட்டுவம் செய்பவர்களுக்கு இரண்டு பங்கு. பாடுபவர்கள், கொட்டுபவர்கள், கணக்கு எழுதுபவர்கள், தையற்காரர், நாவிதர் வரை பட்டியல் நீள்கிறது. நெல்லை அளக்க ஒரு மரக்கால். அந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான். ஆடத் தெரிந்தவன்! சிவனின் அந்தப் பெயர் படிமத்துக்கும் உண்டு, படியளக்கும் மரக்காலுக்கும் உண்டு. அப்படி ஓர் ஊர் அது.

என் கணிப்பு இது: மேல்தளத்துச் சிவனின் இடுப்பிலும் கணுக்காலிலும் இருக்கும் அறிவு இந்தப் பெண்களுடையது, இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நட்டுவர்களுடையது. இதற்கு எதிராக ஒரு வாதத்தை நானே எழுப்பிக்கொள்கிறேன். விமானத்தின் உச்சிக் குடத்தை அரசன் கொடுத்தது 25ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1010. பெண்களின் பட்டியல் கல்லில் ஏறியது அதற்குப் பின்னால். அப்படியிருக்க இவர்களைப் பார்த்துச் செதுக்கினார்கள் என்பது எப்படி? பட்டியல் கல்லில் ஏறிய நாள் அவர்கள் ஆடத் தொடங்கிய நாள் ஆகாது. ஏற்கெனவே பல ஊர்த் தளிகளில் ஆடிக்கொண்டிருந்தவர்களைத்தான் திரட்டினார்கள். கோயிலைக் கட்டிய தலைமைத் தச்சன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் ஆட்களும் அந்தச் சோழ நாட்டுக்காரர்கள்தான். அவர்கள் ஆட்டம் பார்க்காமல் வளர்ந்திருக்க முடியாது. இந்தப் பெண்தான் இந்தக் கரணத்துக்கு நின்று காட்டினாள் என்று என்னால் சொல்ல முடியாது. அவர்களைப் போன்ற ஒருத்தி நின்றிருக்கிறாள் என்று மட்டும் அடித்துச் சொல்வேன்.

சிதம்பரத்துக்குப் போனால் இந்த ஐயம் இன்னும் தெளிகிறது. அங்கே கோபுர வாயில்களின் உட்பக்கத்தில் 108 கரணங்களும் உண்டு. ஆடுவது பெண். சாதாரணமாக இரண்டு கை. பல பலகைகளில் பக்கத்தில் சின்ன உருவங்களாகக் கொட்டுபவர்களும் தாளம் போடுபவர்களும். கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் அந்தந்தக் கரணத்துக்குரிய சுலோகமும் பொறிக்கப்பட்டிருக்கிறது. தஞ்சையில் தெய்வத்துக்குப் பின்னால் இருந்தவள் இங்கே முன்னால் வந்துவிட்டாள், அதுவும் ஊர் நடக்கும் வாசலுக்கு.

50ஆவது கரணம் லலாடதிலகம். ஒரு காலைத் தூக்கி அதன் பெருவிரலால் நெற்றியில் பொட்டு வைக்க வேண்டும். திருவாலங்காட்டுக் கதை எல்லோருக்கும் தெரியும். காளியும் சிவனும் போட்டி ஆடினார்கள், அவர் காலைத் தலைக்கு மேல் தூக்கினார், பெண் என்பதால் அவள் நாணி நின்றாள், தோற்றாள். தில்லையிலும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். அந்தத் தில்லைக் கோபுரத்திலேயே ஒரு பெண் காலைத் தூக்கி லலாடதிலகம் செய்துகொண்டு நிற்கிறாள். காளிக்கு முடியாதது என்று கதை சொன்னதைப் பெயர் தெரியாத ஒருத்தி செய்துகாட்டியிருக்கிறாள். கதை கட்டியவர்கள் வாசலை அண்ணாந்து பார்க்கவில்லை போலும்.

இந்தச் சிதம்பரச் சிற்பங்கள் வெளியே தெரிகிற இடத்தில் இருந்ததால் ஆராய்ச்சியும் அங்கிருந்துதான் தொடங்கியது. 1936இல் நாட்டிய சாஸ்திரத்தின் நான்காம் அத்தியாயத்தை விளக்கி வந்த ஆங்கில நூலில் இருந்தவை சிதம்பரத்துப் படங்கள். தஞ்சை மேல்தளம் ஆய்வாளர்களின் கவனத்துக்குப் பிறகுதான் வந்தது. இதற்கு நடுவில் வேறொன்று நடந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டுவது சட்டப்படி நிறுத்தப்பட்டது. அதற்கான நியாயங்கள் வலுவானவை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கோயில்களில் ஆடி வந்த மரபு அதற்குள் அறுந்திருந்தது. ஆகவே கரணங்களை மறுபடி ஆட நினைத்தவர்கள் கல்லிடம் போய்க் கற்க வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் உடம்பைப் பார்த்துக் கல் கற்றது. ஆயிரம் வருடம் கழித்துக் கல்லைப் பார்த்து உடம்பு கற்றது. பத்மா சுப்ரமணியத்தின் வேலையை நான் அப்படித்தான் பார்க்கிறேன். அவர் இன்னொரு சுற்றும் சுற்றினார். மகாராஷ்டிரத்தின் சத்தாராவில் எழுந்த நடராசர் கோயிலுக்கு 108 கரணச் சிற்பங்களையும் அவரே வடிவமைத்துக் கொடுத்தார். உடம்பிலிருந்து கல்லுக்கு, கல்லிலிருந்து உடம்புக்கு, மறுபடி கல்லுக்கு.

இனி அந்த 27. ஏன் நின்றது? கடினமானவற்றை விட்டுவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பட்டியலைப் பார்த்தால் அது நிற்காது. 70ஆவது கருடப்லுதம், கருடன்போல எழும்புவது, அது செதுக்கப்பட்ட பகுதிக்குள் வருகிறது. நெற்றிக்குக் கால் போகும் லலாடதிலகமும் அப்படியே. 82இலிருந்து 108 வரை எளியவையும் உண்டு, மான் துள்ளலும், சிங்க விளையாட்டும், கடைசியில் கைகள் கீழ்நோக்கிப் பாதங்கள் மேல்நோக்கும் கங்காவதரணமும் உண்டு. சிற்பிகள் எதையும் பொறுக்கி ஒதுக்கவில்லை. வரிசையில் வந்துகொண்டே இருந்தார்கள், ஓரிடத்தில் நின்றார்கள். அவ்வளவுதான். இராசராசன் 1014இல் மறைந்தான்; இராசேந்திரன் பின்னர் தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றினான். கூலியும் ஆட்களும் அரசனின் கவனம் போன பக்கம் போயிருப்பார்கள் என்று நினைப்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

81ஆவது சர்ப்பிதம். 82ஆவது தண்டபாதம்: நூபுர பாதம் என்ற கால் அசைவைச் செய்துவிட்டு, காலைத் தடிபோல விசுக்கென்று நீட்ட வேண்டும். அந்தக் கால் நீளவேயில்லை. அடுத்த கல் வெறும் கல்.

தளிச்சேரிக் கல்வெட்டில் ஒரு விதி இருக்கிறது. பங்கு பெறுகிறவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அவருக்கு நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணியைச் செய்ய வேண்டும். அந்த உறவினருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள வேறு ஒருவரைத் தேர்ந்து அமர்த்த வேண்டும். கல் வேலை நின்றாலும் ஆள் இடம் காலியாகக் கூடாது என்ற ஏற்பாடு.

அந்தப் பட்டியலில் ஒரு பெயரை மட்டும் நான் அடிக்கடி போய்ப் பார்ப்பேன். நக்கன் எடுத்தபாதம். தூக்கிய திருவடி என்பதையே மகளுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். அவளுக்கும் பங்கு ஒன்று. ஆடவல்லானால் அளந்து, நூறு கலம்.